முதலில் கணினியில் ஓடட்டும்

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததால், 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற விதிதான் இன்றும் இந்த ஊரின் தொழிலைக் கட்டிக்காக்கிறது. அந்த விதியை நிறைவேற்றும் பொது சுத்திகரிப்பு நிலையத்தின் பம்பு, வால்வு, எவாப்பரேட்டர் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. அதன் புரோகிராமை ஓடும் நிலையத்திலேயே முதன்முதலாகச் சோதிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. கார், விமான நிறுவனங்கள் சோதனைக்காக நிஜமான கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கணினியோடு இணைக்கின்றன. இயந்திரம்போல் நடிப்பது கணினி. இங்கும் அது முடியும். டேங்கின் நீர்மட்டம் 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகப் பெட்டிக்கு வருகிறது. ஒயர் அறுந்தால் வருவது பூஜ்யம். அதை 'டேங்க் காலி' என்று புரோகிராம் எடுத்துக்கொண்டால் டேங்கை நிரப்பும் பம்பு நிற்காது, கழிவுநீர் வழிந்தோடும். இந்த ஓட்டையை மேஜைமேலேயே கண்டுபிடித்துவிடலாம்.

சாயத் தண்ணீர் நாளுக்கொரு குணம் காட்டும், கணினி அதைப் பிடிக்காது என்பார்கள். ரசாயனத்தைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அறுந்த ஒயருக்கும், சிக்கிக்கொண்ட வால்வுக்கும், மின்வெட்டுக்கும் ரசாயனம் தேவையில்லை. அனுபவமுள்ள ஆபரேட்டர் போதும் என்பது இன்னொரு வாதம். எந்தெந்தக் கோளாறைச் சோதிக்க வேண்டும் என்று பட்டியல் போடவே அவர்தான் வேண்டும். செலவு? காரில் மில்லிவினாடிக் கணக்கு, அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும். நீர்மட்டம் ஏற நிமிடங்கள் ஆகும், உபரி பி.எல்.சி. ஒன்றும் சாதாரணக் கணினியும் பெரும்பாலும் போதும். பட்டறைகள் சேர்ந்து நடத்தும் நிலையங்கள் இதையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். சோதனை அறிக்கை இல்லாமல் புரோகிராம் போட்டவருக்குப் பில் பாஸ் செய்யக் கூடாது.