மூன்று வாட்டும் அறுநூறு வாட்டும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் 'சவுண்ட் பார்' பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். அரசியலை எழுது, இலக்கியத்தை எழுது, மின்சாரச் சாமான் கடைக்காரரின் வேலை உனக்கு எதற்கு என்பார்கள். பொய்யைப் பெரிய எழுத்திலும் உண்மையைச் சிறிய எழுத்திலும் அச்சிடும் இடம் எதுவாயினும் அங்கே பத்திரிகையாளனுக்கு வேலை உண்டு என்பதே எனது பதில். அதற்கும் மேலாக, இந்த விவகாரம் எனது வீட்டுக்குள் நுழைந்து, எனது தாயாரை ஏறத்தாழ ஒரு வருட காலம் மௌனமாக்கி வைத்திருந்தது. ஆதலால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு வயது எண்பத்து மூன்று. எங்களுடன் கொழும்பில் இருக்கிறார். மாலைச் செய்தி அவருக்கு ஒரு விரதம் மாதிரி. செய்தி முடிந்ததும் என்னைக் கேள்வி கேட்பார். செய்தி வாசித்தவரின் உச்சரிப்பைக் குறை சொல்வார். அமைச்சர்களைப் பற்றி இங்கே எழுதமுடியாத சில அபிப்பிராயங்களைத் தெரிவிப்பார். பழைய குண்டுத் தொலைக்காட்சிப் பெட்டி பழுதடைந்ததும் சுவரோடு ஒட்டினாற்போன்ற 55 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கினோம். அதன் பின்னர் அம்மாவின் கேள்விகள் குறைந்தன. சில மாதங்களில் அடியோடு நின்றுபோயின. பெட்டியைப் பார்த்தபடி கதிரையில் இருப்பார். நாங்கள் ஏதாவது சொன்னால் தலையாட்டுவார். கனடாவில் உள்ள தம்பியிடம் தொலைபேசியில், "அம்மாவுக்கு மறதி தொடங்கீட்டுது போல" என்று நானே சொன்னேன். அவ்வாறு சொன்னதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஒரு நாள் காலை, குசினிக்குள் இருந்து வெளியே வந்த அம்மா, ஊரில் ஒருவர் காலமாகிவிட்டார் என்றார். இறந்தவரின் பெயர், தகப்பனார் பெயர், பிள்ளைகள் இருக்கும் நாடுகள், தகனம் நடைபெறும் மயானம், நேரம் அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். குசினித் தட்டில் இருக்கும் கையளவு வானொலிப் பெட்டியில் மரண அறிவித்தல் கேட்டிருக்கிறார். மறதிக்காரர் பேசும் பேச்சா இது? "அப்ப ரி.வியில செய்தி சொல்லேக்க ஏன் அம்மா ஒண்டும் கேக்கிறேல்லை?" என்றேன். அம்மா சொன்னார்: "பெட்டிக்குள்ள இருக்கிறவை வாயை மட்டும் அசைக்கினம், தம்பி. றேடியோக்காரர்தான் கதைக்கினம்."

இதற்குள் இருக்கும் விஞ்ஞானம் கடினமானதன்று. பழைய பெட்டியில் ஒலிபெருக்கி முன்புறம், பார்ப்பவரின் முகத்தை நோக்கியிருந்தது. அதற்குப் பின்னால் காற்றுக்கு இடமும் இருந்தது. பெட்டிகள் மெலிந்தபோது ஒலிபெருக்கிகளும் சுருங்கின. பெரும்பாலானவற்றில் அவை கீழ்நோக்கியோ, பின்புறம் சுவரை நோக்கியோ திரும்பிக்கொண்டன. மனிதப் பேச்சில் உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் உண்டு. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் அடையாளமோ பெரும்பாலும் 2000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர்ந்த அதிர்வெண்களில் தங்கியிருக்கிறது. 'கடை'யா, 'தடை'யா, 'படை'யா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சிறு ஒலியே. முதுமையில் காது முதலில் இழப்பதும் அந்த உயர் ஒலிகளைத்தான். சுவரைப் பார்த்துப் பேசும் ஒலிபெருக்கி முதலில் தொலைப்பதும் அவற்றைத்தான். இரண்டு இழப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மிஞ்சுவது முணுமுணுப்பு. அறுபது வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவு கேட்டற்குறை உள்ளவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எங்கள் வீடுகளில் மாலை நேரத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு கையால் குரலைப் பறித்துக்கொண்டவர்கள் மறு கையால் அதையே நமக்கு விலைக்கு விற்கிறார்கள். அந்த விற்பனைப் பண்டத்தின் பெயர்தான் சவுண்ட் பார். போகட்டும், பறித்ததையாவது திருப்பித் தருகிறார்களா? அங்கேதான் எனது வழக்கு ஆரம்பமாகிறது.

விஷயத்தைக் கேட்ட தம்பி உடனே பணம் அனுப்பினான். "நல்ல பெரிசா வாங்கு அண்ணை" என்பது உத்தரவு. கடைக்குச் சென்றேன். கடையின் பெயர் வேண்டாம். எல்லாக் கடையும் இதே கதைதான். பெட்டியின் மேல் 600 வாட் என்று முக்கால் அடி எழுத்தில் போட்டிருந்தது. விற்பனைப் பையன் ஒரு சண்டைக் காட்சியை ஓடவிட்டான். கார்கள் வெடித்தன, கண்ணாடிகள் சிதறின, கடையே அதிர்ந்தது. நானும் அதிர்ந்து வாங்கிவிட்டேன். அன்று மாலை செய்தி ஆரம்பமானபோது யன்னல் நடுங்கியது. பின்னணி இசை நெஞ்சில் இடித்தது. செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "இடிதான் இடிக்குது, கதை விளங்கேல்லை" என்று அம்மா எழுந்து போய்விட்டார். திருப்பி எடுக்கமாட்டோம் என்று கடையில் கூறிவிட்டார்கள்.

பிறகுதான் சாமானைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் எறும்பு எழுத்தில் மின்நுகர்வு 45 வாட் என்றிருந்தது. நாற்பத்தைந்து வாட் மின்சாரத்தை உள்வாங்கும் கருவி அறுநூறு வாட்டை எவ்வாறு தொடர்ந்து வெளியே தரும்? கணநேர உச்சம் ஒன்று இருக்கிறது. சேமித்த மின்சாரத்தைக் கண்ணிமைக்கும் பொழுதில் கொட்டிவிட முடியும் என்பது உண்மையே. ஆனால் அந்த உச்சத்தைத் தொடர்ச்சியான வலுப்போல எழுதி விற்பதை எமது ஊர்ப் பாஷையில் ஏமாற்று என்பார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கசெற் றெக்கோடர்களின் நெற்றியில் பி.எம்.பி.ஓ. என்று ஒட்டியிருந்தது இதே தந்திரத்தின் மூத்த சகோதரன்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல் மாத்திரமே. காது அதை அற்ப வித்தியாசமாகவே உணரும். ஒலி இரண்டு மடங்காகக் கேட்கவேண்டுமாயின் வலு ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். எனவே 300 வாட் கருவிக்கும் 600 வாட் கருவிக்கும் இடையில் விலை பாரதூரமாக வேறுபடலாம், காதில் விழுவது அவ்வளவு வேறுபடாது. வீட்டு ஒலிக் கருவிகளின் வாட் கணக்கில் நடந்த மோசடிகளைக் கண்டுதான் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1974 இலேயே ஒரு விதியைக் கொண்டுவந்தது. அளவிடும் முறை சீராக இருக்கவேண்டும் என்று 2024 இல் அதைத் திருத்தியும் இருக்கிறது. எமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அது தடைசெய்கிறது. அரிசிக்கும் முட்டைக்கும் சோதனை நடத்தும் அதிகாரிகள் இந்தப் பெட்டிகளின் நெற்றியையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கக் கூடாதா?

இந்த இடத்தில் ஒரு பழைய காட்சி நினைவுக்கு வருகிறது. 1990 நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். மாலையானதும் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயரை இழுத்து வானொலியில் பூட்டுவோம். தம்பி கையால் மிதியைச் சுற்றுவான். பீ.பீ.ஸி. தமிழோசையும் வெரித்தாஸும் அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தன. மிதி தளர்ந்தால் குரல் தளரும். "சுத்தடா, சுத்தடா" என்று அம்மா அதட்டுவார். விறாந்தையில் அயலட்டைச் சனம் பதினைந்து, இருபது பேர் இருப்பார்கள். எங்கே குண்டு விழுந்தது, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது அந்த ஒற்றை ஒலிபெருக்கிக்குள் இருந்து வந்தது. ஒருவருக்கும் ஒரு சொல் தவறியதில்லை. சாதாரணச் சைக்கிள் டைனமோவின் வலு எவ்வளவு தெரியுமா? 6 வோல்ட், 3 வாட். மூன்று வாட்டில் ஓர் ஒழுங்கையே கேட்ட செய்தியை அறுநூறு வாட்டில் ஒரு தாய் கேட்கமுடியவில்லை என்றால், பிழை தாயின் காதில் மாத்திரம் இல்லை.

வாட் மோகத்துக்கு அடுத்தது 'டொல்பி அட்மொஸ்' மோகம். 2012 இல் திரையரங்குகளுக்கு வந்த இத்தொழில்நுட்பம் சிறப்பானதுதான். நல்ல அரங்கொன்றில் கேட்டவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் சவுண்ட் பாரில் மேலிருந்து வருவதாகச் சொல்லப்படும் ஒலி, மேல்நோக்கி அனுப்பப்பட்டு முகட்டில் மோதித் திரும்ப வேண்டிய ஒலி. அதற்குத் தட்டையான, அதிக உயரமில்லாத, ஒலியைத் திருப்பும் முகடு வேண்டும். எங்கள் ஊரின் ஓட்டுக் கூரையும் அஸ்பெஸ்ரஸ் சரிவும் அதற்குத் தோதானவையா? மேல்நோக்கிய ஒலிபெருக்கியே இல்லாத கருவிகளிலும் அப்பெயரை ஒட்டி விற்கிறார்கள்; அது கணிப்பால் உண்டாக்கும் மாயை. 5.1.2 என்ற எண்ணில் கடைசி 2 தான் உயர ஒலிக்கான வழிகள். முதல் எண் காதுமட்டத்து வழிகள். நடுவில் உள்ள 1 சப் வூபர். 2.1 என்றால் இடமும் வலமும் மாத்திரம், 3.1 என்றால் நடுவில் பேச்சுக்கென்று தனி வழி உண்டு. எனது அம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்த நடு வழி. கடையில் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்வாரில்லை.

இணையத்தில் மதிப்புரைகள் உண்டே என்பீர்கள். அவற்றில் பலவற்றின் கீழே 'இங்கே வாங்குங்கள்' என்ற இணைப்பைக் கவனியுங்கள். அதை அழுத்தி நீங்கள் வாங்கினால் எழுதியவருக்குத் தரகு உண்டு. தரகரிடம் பெண்ணின் குறை கேட்டவர் யார்?

இளைஞர்கள் சினிமா பார்க்கிறார்கள், கிரிக்கெட் பார்க்கிறார்கள், அதிர்வு வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு எனது மறுமொழி இது: தாராளமாக வாங்குங்கள். உங்கள் பணம், உங்கள் யன்னல். எனது ஆட்சேபம் அதிர்வின் மேல் இல்லை. வீட்டிலே கேட்கச் சிரமப்படுபவர் ஒருவர் இருக்கையில், அவரைக் கணக்கிலெடுக்காமல் அதிர்வை அளவுகோலாக்கி விற்பதன் மேல்தான்.

இரண்டாவது முறை நான் கடைக்கு அம்மாவையே கூட்டிச் சென்றேன். "சண்டைப் படம் வேண்டாம் தம்பி, செய்தி போடும்" என்றேன். பையன் என்னை விநோதமாகப் பார்த்தான். செய்தியைப் போட்டு, ஒலியைக் குறைத்து, அம்மாவைப் பத்தடி தள்ளி இருத்தி, வாசித்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்றாவதாகப் போட்ட கருவியில் அம்மா சொல் பிசகாமல் சொன்னார். அது முதலில் வாங்கியதன் பாதி விலை. நடு வழி உள்ளது. பேச்சைத் தூக்கிக்காட்டும் பொத்தான் உள்ளது. திடீர்ச் சத்தத்தை அடக்கும் இரவு முறை உள்ளது. சப் வூபரைத் தனியாகக் குறைக்கலாம்.

வாங்குவோர் இன்னும் இரண்டைக் கவனிக்கவேண்டும். தொலைக்காட்சியுடன் இணைக்க எச்.டி.எம்.ஐ. 'ஆர்க்' துளை இருக்கிறதா என்று பாருங்கள். 2009 இல் வந்த இந்த வசதி இருந்தால் தொலைக்காட்சியின் ரிமோட் ஒன்றாலேயே பெரும்பாலும் ஒலியையும் கட்டுப்படுத்தலாம். முதியவர் கையில் இரண்டு ரிமோட் கொடுப்பது கொடுமை. புளூடூத் இணைப்பைச் செய்திக்கும் நாடகத்துக்கும் நம்பவேண்டாம். அதில் ஒலி சற்றுப் பிந்தக்கூடும். காது மங்கியவர்கள் தம்மையறியாமலே உதடுகளை வாசிக்கிறார்கள். உதடும் ஒலியும் பிரிந்தால் இருந்த உதவியும் போய்விடும். எல்லாவற்றுக்கும் முதல், காதை ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள். கேட்டற்கருவி தேவைப்படுபவருக்குச் சவுண்ட் பார் மாற்றீடு ஆகாது. அம்மாவையும் கொண்டுபோய்க் காட்டினோம். வயதுக்குரிய குறைவு உண்டு, மறதி இல்லை என்றார்கள்.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் உள்ள பெற்றோருக்குப் பெரிய பெட்டி வாங்கப் பணம் அனுப்புமுன் தொலைபேசியில் விசாரியுங்கள். ஆனால் "ரி.வி. கேக்குதோ?" என்று கேட்காதீர்கள். "ஓம், நல்லாக் கேக்குது" என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்க எந்தத் தாயும் விரும்புவதில்லை. "இண்டைக்குச் செய்தியில என்ன சொன்னவை?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், என்னைப்போல மறதி என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.

நேற்றிரவு செய்தி வாசித்த பிள்ளை 'ழ'கரத்தைக் கொன்றுவிட்டதாக அம்மா அரை மணித்தியாலம் என்னுடன் சண்டை பிடித்தார்.