கல்லை வைக்குமுன் அடியைப் பாருங்கள்

பேரன் ஆசையாக வைத்திருந்த மீன் தொட்டி போன மாதம் ஒரு நாள் ராத்திரி விரிசல் விட்டது. விடிந்து பார்த்தால் கூடமெல்லாம் தண்ணீர். மீன்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. மணலைப் பரப்பி அதன்மேல் பெரிய கற்களை அடுக்கியிருந்தான். மீன்கள் மணலைப் பறித்ததில் கல் சரிந்துவிட்டது.

கண்ணாடிக்குப் பாரம் பகையல்ல. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 56 கிலோ. பரவி இறங்கும் அந்த எடையை அது தாங்கும்; ஒரே இடத்தில் குத்தும் கல்முனையைத் தாங்காது. ஆகவே தொட்டிக்குக் கீழே சமமான பலகையும் நுரைப்பாயும் வேண்டும். உள்ளே கல் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி கல், கடைசியில்தான் மணல். தொட்டி விற்கிறவர்கள் இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பேன்.

புதுத் தொட்டி வந்ததும், "கரையில பவளக்கல்லு கிடக்கே, எடுத்துட்டு வரவா தாத்தா?" என்றான். கூடாது என்றேன். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அது சுண்ணாம்புக் கல். நன்னீர் மீன் பலவற்றுக்கு ஆகவும் ஆகாது.

நம் முன்னோர் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் அந்தக் கல்லை வெட்டினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போனதற்கு அதுவும் காரணம்.

தொட்டி உடைந்தால் வேறு வாங்கலாம். கடலின் அடியை எங்கே போய் வாங்குவது?