மாணவர் படமும் மனத்தின் பதிவும்

எடுத்த காட்சிகளை வெட்டி இணைக்கும் பணிக்குத் தமிழில் ‘படத்தொகுப்பு’ என்னும் பெயர் வழங்குகின்றது. எட்டுத்தொகை பயில்வோர்க்கு இச்சொல் அயலானதன்று. சிதறிக் கிடந்த பாடல்களை அடியளவு நோக்கித் தொகுத்த மரபினர் நாம். ஆயினும், தொகுப்பவர் எதனைக் கொண்டார் என்பதைப் போலவே எதனைத் தள்ளினார் என்பதும் ஆராயத்தக்கது. இதனைச் சென்ற கல்வியாண்டில் எம் துறை மாணவர் எடுத்த குறும்படம் ஒன்றே எமக்கு உணர்த்தியது.

இறுதியாண்டு மாணவ மாணவியர் அறுவர் பத்தமடைப் பாயைப் பொருளாகக் கொண்டனர். கோரையை உலர்த்தி, ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாக வகிர்ந்து நெய்யும் அத்தொழிலை நம் சமுதாயப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். 2013இல் அப்பாய் புவிசார் குறியீடும் பெற்றது. படம் நன்றாகவே அமைந்தது. அதனை இங்கு விரிக்கப் போவதில்லை. படத்துடன் ஒவ்வொருவரும் மூன்று நிமிட அளவில் மீள்நோக்குப் பதிவு ஒன்றும் அளித்தல் வேண்டும் என விதித்திருந்தோம். தாம் கற்றது யாது, தவறியது யாது எனக் கேமராவின் முன் தாமே பேசும் பதிவு அது.

பதிவுகள் வந்தன. அறுவரும் ஆற்றொழுக்காகப் பேசியிருந்தனர். பின்னணியில் புல்லாங்குழல் வேறு! (மாணவர் படங்களில் எவர் மனம் நெகிழ்ந்தாலும் புல்லாங்குழல் எங்கிருந்தோ வந்துவிடுகின்றது.) நாமும் மகிழ்ந்து பாராட்டினோம். மறுநாள் அவர்களுள் ஒரு மாணவி வந்து, “ஐயா, நான் சொன்னது அதுல இல்ல” என்றாள்.

வெட்டப்படாத மூலப்பதிவை வாங்கிக் கண்டோம். பாதியில் அவள் பேச்சை நிறுத்துகின்றாள். பதினொரு நொடி மௌனம். பின்னர், “அந்தப் பாட்டி நெய்யிறத விட்டு நாலு வருசம் ஆச்சு. நாங்கதான் கூப்பிட்டுத் தறியில உக்கார வச்சோம். படத்துல அதைச் சொல்லல” என்கின்றாள். தொகுத்த மாணவர் இப்பகுதியை முற்றிலும் நீக்கி, வெட்டிய இடம் தெரியாதவாறு கோரைக்கட்டு உலரும் காட்சியை மேலே போர்த்தியிருந்தார். அவரைக் கடிவதற்கு எமக்கு வாயில்லை. “திணறலை எல்லாம் நீக்கிவிடுங்கள்” என்று அறிவுறுத்தியவர்கள் நாமே.

இரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கும் என்பதைச் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவின் சோதனை காட்டிற்று. உணர்ச்சியற்ற ஒரே முகத்தை ஒருமுறை உணவுக் கிண்ணத்துடனும் மற்றொருமுறை சவப்பெட்டியுடனும் இணைத்தபோது, கண்டவர்கள் முதலில் பசியையும் பின்னர்த் துயரையும் அம்முகத்தில் கண்டனராம். கதைப்படத்திற்கு இவ்வாற்றல் அணியாகும். மீள்நோக்குப் பதிவிலோ, பேசுபவர் நினையாத ஒன்றை அவர் முகத்தின்மேல் ஏற்றிவிடும் இடர் இதனுள் இருக்கின்றது.

எனின், எதனைத்தான் வெட்டுவது? நன்னூலார் வகுத்த பத்துக் குற்றங்கள் இங்கும் கைகொடுக்கும் என்பது எம் கருத்து. கூறியது கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல் ஆகியவற்றைத் தயங்காது களையலாம். வாக்கியந்தோறும் வரும் ‘வந்து’, ‘அதாவது’ என்பனவற்றைக் களைந்தாலும் பொருள் குன்றாது. ஆனால் வெட்டியதன் பயனாகப் பேச்சு குன்றக் கூறலாகிவிடுமாயின், அக்குற்றம் பேசியவருடையதன்று, தொகுத்தவருடையது.

பழைய சுவடிகளைப் பதிப்பித்தோர் இதனை நன்கறிந்திருந்தனர். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றை நெருக்கி வரிசை எண்ணை மாற்றியிருந்தால் நூல் முழுமையானது போலத் தோன்றியிருக்கும். அவ்வாறு செய்யாமையால் அவ்விரு எண்களும் இன்றளவும் வெறுமையாகவே நிற்கின்றன. சிதைந்த அடிகளுக்குப் புள்ளிகள் உள்ளன. அப்புள்ளிகளைக் காணும் மாணவர் ஏடு செல்லரித்ததையும் சேர்த்தே கற்கின்றார். அம்மாணவியின் பதினொரு நொடியும் அத்தகைய புள்ளிகளே.

திரைக்கலையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பிரான்சில் ழான் ரூஷும் எட்கர் மோரனும் எடுத்து 1961இல் வெளிவந்த ‘ஒரு கோடையின் வரலாறு’ என்னும் ஆவணப்படத்தில், பங்கேற்றவர்களுக்கே காட்சிகள் திரையிடப்படுகின்றன. இது பொய், இது நடிப்பு, இது உண்மை என அவர்கள் வாதிடுவதும் படத்தின் பகுதியாகவே இடம்பெறுகின்றது.

ஊர்ப் பெரியவர் ஒருவர் எம்மிடம் மறுத்துரைத்தார்: “பிள்ளைகளின் குறையை நாமே பறைசாற்றுவதா?” நியாயமான கேள்விதான். இதே பதிவுகளில் ஒரு மாணவன் தன் தந்தையின் கடனைச் சொல்லிக் கலங்கியிருந்தான். அப்பகுதியை நீக்குமாறு அவனே வேண்டினான், நீக்கினோம். அதில் எமக்கு ஐயமில்லை. ஒருவரது மானத்தைக் காப்பதற்காக அவர் இசைவுடன் வெட்டுவது வேறு, படத்தின் பெருமையைக் காப்பதற்காக அவர் அறியாமல் வெட்டுவது வேறு. முன்னதை மறைப்பு என்று எவரும் சொல்லார்.

இவ்வாண்டு முதல் சில நடைமுறைகளைக் கொண்டுள்ளோம். மூலப்பதிவை முழுவதும் காகிதத்தில் எழுதிய பின்னரே கணினியில் கைவைத்தல் வேண்டும். எழுதிப் பார்த்தால் வெட்டத்தக்கது எது என்பது தானே விளங்கும். மொழிப்பாடத்திற்கும் இது நல்ல பயிற்சி. பேசியவர் தொகுத்த வடிவத்தைக் கண்டு ஒப்பிய பின்னரே துறைக்கு அளித்தல் வேண்டும். புல்லாங்குழல் கிடையாது.

மாணவியின் பதிவில் அப்பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. குறும்படத்தின் இறுதியிலும், அம்மூதாட்டி எம் மாணவர் வேண்டியதற்காகவே தறியில் அமர்ந்தார் என ஒரு வரி சேர்த்தோம். அவ்வரிக்கு இசைவு பெற மாணவர் அவர் இல்லம் சென்றனர். “இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று சிரித்தவர், தாம் ஏன் நெய்வதை விட்டார் என்பதை அன்றுதான் விரிவாகச் சொல்லியிருக்கின்றார். அவ்வுரையை மாணவர் பதிவு செய்துள்ளனர். வெட்டப்படாத அப்பதிவு துறை நூலகத்தில் உள்ளது.