திருத்த வேண்டிய பிழை எது?

காட்கோபர் என்னும் ஊர்ப்பெயரின் முதலொலி மராத்தியில் மூச்சொலி கலந்தது. தமிழில் அவ்வொலியும் இல்லை, அதற்கான எழுத்தும் இல்லை. ஆகவே அங்கு வாழும் தமிழருள் பலர் அதைத் தம் ககரத்தாலேயே ஒலிக்கின்றனர். அதற்காக ரயில் நிலையத்தில் எவருக்கும் டிக்கெட் மறுக்கப்படுவதில்லை. ஆனால் அதே குடும்பத்துப் பிள்ளை நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் பேசினால், ஓர் ஒலி பிசகினாலும் அப்பிள்ளையின் அறிவே ஐயத்துக்கு உள்ளாகிறது.

ஆங்கிலம் பற்றி மாணவர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ‘இது சரியா?’ என்ற வடிவிலேயே அமைகின்றன. அதை இரண்டாகப் பிரித்துக் கேட்பதே முறை: பொருள் மாறுகிறதா, அல்லது பேசுபவரைப் பற்றிய மதிப்பீடு மட்டும் மாறுகிறதா?

பெயரடைகளை எடுத்துக்கொள்வோம். ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’, ‘பாடம் சலிப்பாக இருக்கிறது’ என்னும் இரு தொடர்களிலும் ‘சலிப்பாக’ என்ற சொல் மாறவில்லை. சலிப்பை உணர்பவர் யார் என்பதை நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ காட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலோ அவ்வேலையைப் பெயரடையின் ஈறு செய்கிறது. அதனால்தான் ‘ஐ ஆம் போர்டு’ என்று சொல்ல வேண்டிய மாணவர் ‘ஐ ஆம் போரிங்’ என்கிறார். தாம் பிறருக்குச் சலிப்பூட்டுபவர் என்று அறியாமலே சொல்லிவிடுகிறார். இங்கே பொருள் மாறுகிறது. இது திருத்த வேண்டிய பிழை. தமிழ் வேற்றுமையோடு ஒப்பிட்டு விளக்கினால் ஒரே வகுப்பில் தெளிவாகும்.

உச்சரிப்பில் நிலை வேறு. வெவ்வேறு தாய்மொழியினர் தமக்குள் ஆங்கிலத்தில் உரையாடுவதை ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட நூலில், புரிதலுக்கு இன்றியமையாத ஒலிகளையும் அல்லாதவற்றையும் வகைப்படுத்தினார். ‘திங்க்’ என்பதன் முதலொலியை வேறு ஒலியால் ஈடுசெய்வது புரிதலைப் பெரிதும் பாதிப்பதில்லை. ‘ஷிப்’, ‘ஷீப்’ போன்ற சொற்களின் உயிரொலி அளவு பிசகினால் பாதிக்கும். குறில், நெடில் அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு அது புதிதன்று. உண்மையான இடர், குண்டூசியையும் குப்பைத்தொட்டியையும் தமிழெழுத்தில் ‘பின்’ என்றே எழுதுவதில் உள்ளது. குண்டூசியைக் குறிக்கும் சொல்லின் முதலொலியில் மெல்லிய மூச்சு கலக்கிறது. அது விடுபட்டால் கேட்பவர் தடுமாறக்கூடும். மராத்தியின் மூச்சொலிகளைத் தெருவிலேயே கேட்டு வளர்ந்த காட்கோபர்ப் பிள்ளைக்கு இதைப் பழக்குவது கடினமன்று. எனினும் வகுப்பறைகளில் அதிகம் கேலிக்குள்ளாவது நாவை வளைத்து ஒலிக்கும் டகரமே. அதனால் பொருள் கெடுவதில்லை.

சொல்லாட்சிக்கும் இதுவே அளவுகோல். முன்தேதிக்கு மாற்றுவதைக் குறிக்கும் ‘ப்ரிபோன்’ இந்தியா முழுதும் புரியும் சொல். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்றுள்ளது. அதைப் பிழையென அடிக்கத் தேவையில்லை. அயல்நாட்டு வாசகருக்கு எழுதும்போது வேறு சொல் தேர்க என்று சொன்னால் போதும்.

மதிப்பீட்டை மட்டும் மாற்றும் வேறுபாடுகளைக் கற்பிக்கவே கூடாது என்பதன்று வாதம். வேலைச்சந்தையில் அவற்றுக்கு விலை உண்டு. மாணவர் அதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் அதை ‘உலகின் எதிர்பார்ப்பு’ என்று பெயரிட்டுக் கற்பிக்க வேண்டும்; ‘உன் குறை’ என்றன்று. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் மராத்தியும் பேசி, நான்காவதாக ஆங்கிலத்தை எட்டும் பிள்ளையிடம் மொழித்திறன் குறைவு என்று சொல்லும் வகுப்பறைதான் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.