நீலத்தை மட்டும் எழுதுகிறவர்கள்

கரீபியன் தீவுகளில் நண்பர்களோடு முக்குளித்துத் திரும்புகிறவர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறோம். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கட்டுரைதானோ என்ற ஐயம் எங்களுக்கு உண்டு. விமானம் இறங்குகிறது, கடல் நீலமாக இருக்கிறது, ஆக்சிஜன் உருளையை முதுகில் கட்டிக்கொண்டு நண்பர்கள் நீருக்குள் இறங்குகிறார்கள், 'மௌன உலகம்' அவர்களை ஆட்கொள்கிறது, மேலே வரும்போது வாழ்க்கையின் பொருள் விளங்கிவிடுகிறது. இக்கட்டுரைகளின் மீது எங்களுக்குள்ள புகார் நடை சார்ந்தது மட்டுமல்ல. அவை சொல்வதில் பெரும்பகுதி உண்மையல்ல என்பதே எங்கள் முதன்மையான புகார்.

கரையில் அமர்ந்துகொண்டு இதைச் சொல்லவில்லை. நண்பர்கள் நால்வராக பொனேர் தீவில் ஒரு வாரம் முக்குளித்த பிறகே சொல்கிறோம். வெனிசுவேலாவின் கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், 288 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் தீவு அது. 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் 2011 முதல் அங்கே புழங்கும் நாணயம் அமெரிக்க டாலர். வீடுகளிலும் தெருவிலும் பேசப்படும் மொழி பாப்பியமென்டு. இந்த மூன்று செய்திகளை மட்டும் அடுத்தடுத்து வைத்தாலே ஒரு வரலாறு எட்டிப் பார்க்கிறது. நம் பயணக் கட்டுரையாளர்களோ விமான நிலையத்திலிருந்து நேராக நீருக்குள் குதித்துவிடுகிறார்கள்.

சிறியதிலிருந்து தொடங்குவோம். முதுகில் இருப்பது ஆக்சிஜன் உருளை அல்ல. அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்று. அல்லது ஆக்சிஜனின் பங்கைச் சற்றுக் கூட்டிய நைட்ராக்ஸ் என்னும் கலவை. தூய ஆக்சிஜனைச் சுவாசித்தபடி ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே இறங்கினால் அது நஞ்சாகி வலிப்பை உண்டாக்கலாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் தராமல் விரைந்து மேலே வருகிறவன் உயிரைப் பணயம் வைக்கிறான். தன் மூச்சு எதனால் ஆனது என்றே அறியாமல் பிரபஞ்சத்தோடு ஒன்றாகிவிட்டதாக எழுதுகிறவரை எப்படி நம்புவது?

அடுத்தது மௌனம். நீருக்கடியில் ஒருபோதும் மௌனம் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் கருவி இரைகிறது, குமிழிகள் காதருகே குமுறுகின்றன. மூச்சை விட்டு அடுத்ததை இழுப்பதற்கு இடையிலான இடைவெளியில் கேட்டால், எண்ணெய்ச் சட்டியில் பொரிவது போன்ற சடசடப்பு. கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் ஓசை. 'மௌன உலகம்' என்ற சொல் ழாக்-ஈவ் குஸ்தோவின் நூலிலிருந்தும் திரைப்படத்திலிருந்தும் வந்தது. 1943இல் எமில் கான்யானோடு சேர்ந்து இந்தச் சுவாசக் கருவியை உருவாக்கியவர் அவர். லூயி மாலும் அவரும் இயக்கிய அந்தப் படம் 1956இல் கான் விழாவில் தங்கப்பனை விருதைப் பெற்றது. அதே படத்தில், மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளத்திட்டில் வெடி வைக்கிறார்கள்; சுறாக்களைக் கப்பலில் இழுத்துப்போட்டு வெட்டிச் சாய்க்கிறார்கள். சொல்லைக் கடன் வாங்கியவர்கள் அந்தக் காட்சிகளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது பொய் இன்னும் பெரியது: 'மனிதக் கை படாத இயற்கை'. பொனேரின் கடல் இன்று இருக்கும் நிலையில் இருப்பதற்குக் காரணமே மனிதர்கள் இட்ட தடைகள்தான். 1962இல் பாய்மரக் கப்பலில் வந்து சேர்ந்த அமெரிக்கரான டான் ஸ்டூவர்ட் போன்றோரின் வற்புறுத்தலால் 1971இல் ஈட்டியால் மீன் குத்துவது தடை செய்யப்பட்டது. 1979இல் கடற்பூங்கா உருவாயிற்று. கரையில் நீர் ஏறும் எல்லையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றிலும் காப்புப் பகுதி. பவளத்தின் மீது நங்கூரம் போட முடியாது. நிலையாகப் பதிக்கப்பட்ட மிதவைகளில்தான் படகைக் கட்ட வேண்டும். கையுறை அணிவதும் கூடாது, கையுறை அணிந்த கை எதையும் துணிந்து பற்றும் என்பதால். 1992 முதல் முக்குளிப்பவர்களிடம் கட்டணம் வாங்கிப் பூங்காவை நடத்துகிறார்கள். சட்டமும் சண்டையும் கணக்குப் புத்தகமும் சேர்ந்து காத்த ஒன்றை 'கன்னி இயற்கை' என்று வர்ணிப்பது, காத்தவர்களின் உழைப்பைத் துடைத்தெறிவதாகும்.

அப்படிக் காத்தும் முழுமையாகக் காக்க முடியவில்லை. 1983இல் பனாமா பக்கம் தொடங்கிய ஏதோ ஒரு நோய், ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கரீபியன் முழுதும் நீண்ட கருமுள் கொண்ட கடல் முள்ளெலிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றது. பாசியை மேய்ந்துவந்த உயிர் போனதும் பாசி பவளத்தின் மேல் படர்ந்தது. 2009இல் பசிபிக்–இந்தியப் பெருங்கடல்களுக்குரிய சிங்கமீன் பொனேருக்கு வந்து சேர்ந்தது. 2014இல் ஃப்ளோரிடாவில் முதலில் காணப்பட்ட, கற்பவளங்களின் திசுவை உரித்தெடுக்கும் நோய் 2023இல் இங்கும் தென்பட்டது. அதே ஆண்டின் கடல் வெப்பத்தில் பவளங்கள் வெளிறின. நாங்கள் பார்த்ததில் உயிருள்ள திட்டும் உண்டு, எலும்புக்கூடும் உண்டு. எலும்புக்கூட்டைச் சுற்றியும் வண்ண மீன்கள் நீந்துகின்றன; அறியாத கண்ணுக்கு இரண்டும் ஒரே அழகுதான்.

கரைக்கு வருவோம். தீவின் சாலையோரங்களில் மஞ்சள் பூசிய கற்களில் முக்குளிக்கும் இடங்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தெற்கே இரண்டு பெயர்கள்: 'வொய்ட் ஸ்லேவ்', 'ரெட் ஸ்லேவ்'. வெள்ளை அடிமை, சிவப்பு அடிமை. 'நாளை காலை சிவப்பு அடிமை, மதியம் உப்புத்துறை' என்று உற்சாகத்தோடு திட்டமிடும் குரல்களை அங்கே சாதாரணமாகக் கேட்கலாம். அந்தக் கற்களுக்கு அருகிலேயே, 1850 வாக்கில் கட்டப்பட்ட சிறு கல்வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வளர்ந்த மனிதர் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உப்பளத்தில் வாரம் முழுதும் உழைத்த அடிமைகள் உறங்கிய இடம் அது. அவர்களுடைய குடும்பங்கள் தீவின் வடபகுதியில், பல மணி நேர நடைத் தொலைவிலுள்ள ரின்கோனில் இருந்தன.

1515இல் ஸ்பானியர் இத்தீவின் ககேத்தியோ பூர்வகுடிகளை எஸ்பான்யோலா தீவுக்கு அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். 1636இல் டச்சுக்காரர் தீவைக் கைப்பற்றினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்த முக்கியப் பொருள்களில் ஒன்று உப்பு. அடிமை முறை ஒழிந்தது 1863 ஜூலை 1இல். நெதர்லாந்துப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டதோ 2022 டிசம்பர் 19இல். இடையிலிருப்பது 159 ஆண்டுகள். உப்பு இன்றும் விளைகிறது. அதைக் கப்பலேற்றும் துறையின் தூண்களுக்கிடையே, கப்பல் நிற்காத நாள்களில் நாம் முக்குளிக்கிறோம். 'கடலே வரலாறு' என்று பொருள்படும் தலைப்பில் கவிதை எழுதிய டெரெக் வால்காட் பிறந்ததும் இதே கரீபியனின் ஒரு தீவில்தான். நம் பயணக் கட்டுரையாளர்களுக்கோ கடல் வெறும் நீலம்.

'விடுமுறைக்குப் போனவனிடம் வரலாற்றுத் தேர்வா வைப்பது?' என்று சிலர் கேட்கலாம். விடுமுறையை யாரும் பறிக்கவில்லை. மகிழ்ச்சியை மகிழ்ச்சியாக எழுதுங்கள்; நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் தீவின் பெயரைச் சொல்லி எழுதி இலக்கிய வாசகர் முன் வைத்த கணமே அது தீவைப் பற்றிய சாட்சியமாகிவிடுகிறது.

எதிர்த்திசையிலிருந்து வேறொரு குரல்: 'விமானமேறிப் போனதே குற்றம், கடலைச் சூடாக்கிவிட்டு அதற்காக அழுகிறீர்கள்.' இதில் உண்மை உண்டு. விமானப் புகை கடலைச் சூடேற்றுவதில் தன் பங்கைச் செய்கிறது. பயணி கட்டும் கட்டணம் பூங்காவைக் காக்கிறது. இரண்டும் ஒரே பயணத்தின் இரு பக்கங்கள். ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதைத்தான் எதிர்க்கிறோம். 'போகாதே' என்னும் கட்டளையும் தீவில் வாழ்கிறவர்களை மறந்துவிடுகிறது. அவர்களில் சிலர் 2024 ஜனவரியில் கிரீன்பீஸ் அமைப்போடு சேர்ந்து, கடல் மட்ட உயர்விலிருந்தும் வெப்பத்திலிருந்தும் தங்களைக் காக்கத் தவறியதாக நெதர்லாந்து அரசின் மீதே வழக்குத் தொடுத்தார்கள். அவர்களுக்காகக் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை, அவர்கள் பேசுவதைக் கேட்டால் போதும்.

நீருக்குள் இறங்க இறங்க முதலில் மறைவது சிவப்பு நிறம். 10 மீட்டரில் சிவந்த கடற்பஞ்சு பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும். விளக்கைப் பாய்ச்சினால் அதே இடத்தில் சிவப்பு எரிகிறது. ஆழத்தில் எல்லாம் நீலம் என்று எழுதுகிறவர் விளக்கைக் கொண்டுபோகவில்லை என்றுதான் பொருள். அடுத்த முறை ஒரு தீவைப் பற்றி எழுத அமர்கிறவர், அங்கு வாழ்கிறவர்கள் யார், அந்தக் கடலைக் காத்தவர்கள் யார், தாம் முக்குளித்த இடத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்ற மூன்று கேள்விகளுக்காவது விடை தேடிவிட்டு எழுதட்டும். அதற்குப் பிறகும் கடல் அழகாகவே இருக்கும்.