முதல் நாவலும் தோட்டத்து வாசகரும்

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோய் காரணமாக இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, பாடசாலைகளோடு வாசிகசாலைகளும் மூடப்பட்டன. பிற நாடுகள் பலவற்றிலும் அதுவே நிலை. அவ்வேளையில் அந்நாட்டு நூலகங்கள் இணையவழிக் கூட்டங்களை நடத்தத் தலைப்பட்டன. முதல் நாவலை வெளியிட்ட ஆசிரியர் மூவரையோ நால்வரையோ ஒரு திரையிலே கூட்டி, அவர்தம் நூல்களைப் பற்றி உரையாடச் செய்து, வாசகர் தத்தம் இல்லங்களிலிருந்தே வினாவுதற்கு இடமளித்தன. நோய் தணிந்த பின்னரும் அவ்வழக்கம் நிலைத்துவிட்டது. ஈழத்திலும் தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழும் தமிழிலக்கிய அன்பர்களும் இன்று அவ்வாறே கூடுகின்றனர். இம்முறை எமது மலைநாட்டு வாசிகசாலைகளுக்கும் வேண்டற்பாலதா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள். வேண்டற்பாலதே என்பது எமது துணிபு. ஆயின், கூட்டத்திற்கு முன்னர் நூல் வாசகர் கைக்கு வந்து சேர்தல் வேண்டும். அஃதில்லையேல் கூட்டத்தாற் பயனில்லை.

முதல் நாவலாசிரியரை ஏன் அழைத்தல் வேண்டும்? பெயர் பெற்ற ஆசிரியருக்குப் பாடநூலும் பத்திரிகையும் வாசகரைத் தேடிக் கொடுக்கும். முதல் நூலோடு வருபவருக்கோ அத்துணை கிடையாது. நம் நாட்டிலே தமிழ் நாவலொன்று சில நூறு படிகளே அச்சாவது வழக்கம். அவற்றுட் பலவும் வெளியீட்டு விழாவுக்கு வந்த நண்பர், உறவினர் வீடுகளிலே தங்கிவிடும். முன்பின் அறியாத ஒருவர் தம் நூலை வாசித்தார் என்னும் செய்தியே புதிய ஆசிரியருக்குக் கிட்டாத செல்வம். அதனை அளிக்கவல்லது பொது நூலகம் ஒன்றே.

எமது மலையகத்தின் வரலாறே இதற்குச் சான்று. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தோட்ட மக்களின் வாழ்வை நாவலாக்கிய முன்னோடி நூல்களுள் அஃதொன்று. பதுளைப் பகுதித் தோட்டமொன்றிலே 1934இற் பிறந்த தெளிவத்தை ஜோசப், தம் முதல் நாவலாகிய ‘காலங்கள் சாவதில்லை’ என்பதனை 1974இல் தந்தார். தமிழகத்தார் விஷ்ணுபுரம் விருதளித்து அவரைப் போற்றியது 2013இல். இடையே கழிந்தவை 39 ஆண்டுகள். 2022இல் அவர் மறைந்தார். அந்நீண்ட காலத்திலே அவர் குரலை ஒருமுறையேனும் கேளாது கல்வியை முடித்து வெளியேறிய தோட்டப் பாடசாலை மாணவர் எத்தனை ஆயிரவர்! எழுத்தாளர் என்பவர் தம்மைப் போன்ற லயத்திற் பிறந்து, தம்மைப் போன்றே பேசுபவராகவும் இருக்கலாம் என்பதை அம்மாணவர் கண்ணாரக் கண்டிருப்பின், அவருள்ளும் சிலர் எழுதுகோலை எடுத்திருப்பர். மலையகத் தமிழர் வருகையின் 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறாண்டு வாழ்விலே எழுதப்பட்டது சிறிது. எழுதப்பட வேண்டியதோ பெரிது.

நாம் வாழும் புளத்கொகுபிட்டியப் பகுதி கேகாலை மாவட்டத்திலே தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் நிலம். சிங்களக் கிராமங்களுக்கிடையே தமிழர் வாழும் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. எழுத்தாளர் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்வர். ஒரோவழி அட்டனுக்கும் வருவர். எம் பக்கம் வருதல் அரிது. இக்குறையை இணையவழிக் கூட்டம் ஓரளவு தீர்க்கவல்லது.

ஆயினும், தடைகளை மறைத்துப் பேசுதல் தகாது. 2021இல் ஊவா மாகாணத்துப் போகிடியாவ என்னும் சிற்றூரிலே பிள்ளைகளும் ஆசிரியரும் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டுவழி நடந்து பாறையின்மேல் ஏறி அலைவரிசை தேடியதை உலகப் பத்திரிகைகள் எழுதின. தோட்டங்களிலும் ஒரு குடும்பத்துக்கு ஒரு கைத்தொலைபேசியே இருப்பதுண்டு. அதற்குப் பணம் இடுவதோ கூலி கிடைத்த கையோடுதான். ‘வீட்டிலிருந்தே கலந்துகொள்ளலாம்’ என்னும் அழைப்பு, லயத்து அறையிலே வாழ்வோருக்குப் பொருளற்றது. மேலும், இத்தகைய கூட்டங்கள் பல இலண்டன், ரொறன்ரோ அன்பர்களின் வசதி நோக்கி இராக்காலத்திலே வைக்கப்படுகின்றன. விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்குச் செல்பவர் அந்நேரத்தில் விழித்திருத்தல் எங்ஙனம்?

ஆதலின், ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை என்பதை விடுத்து, ஊருக்கு ஒரு திரை என்பதே எமக்கு ஏற்ற வழி. பிரதேச சபை வாசிகசாலையிலோ பாடசாலை மண்டபத்திலோ ஒரு பெருந்திரையை அமைத்து, ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா தினத்துப் பிற்பகலிலே கூட்டத்தை வைத்தல் வேண்டும். தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுதல், 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக நெடுங்காலம் தடைப்பட்டிருந்தது. அப்பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. கதவு திறந்துவிட்டது, உட்புகுந்து கேட்பார் வேண்டும்.

நூல் முந்த வேண்டும் என்பது எமது புதுக்கற்பனை அன்று. அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துப் பொது நூலகம் 1998இல் ரசல் பாங்ஸ் என்பாரது நாவலொன்றைத் தெரிந்து, நகரத்தார் யாவரும் அதனை வாசிக்க வேண்டியது. மக்கள் வாசித்த பின்னரே ஆசிரியரை அவர்முன் நிறுத்தியது. சிங்கப்பூர் நூலகத்தாரும் 2005 முதல் அம்முறையைத் தழுவி, தமிழ் உட்பட நான்கு மொழிகளிலே நூல்களைத் தெரிந்து மக்களை வாசிக்கத் தூண்டினர். நம்மவர்க்கும் 2005இலே தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் உண்டு. ஆசிரியர் இசைவளிப்பின், படி கிடையாதவர் அங்கே இலவசமாக வாசிக்கலாம்.

“நூல் இரவல் கொடுப்பதன்றோ நூலகத்தின் கடமை? கூட்டம் கூட்டுவது நூல் விற்போர் விளம்பரம் அன்றோ?” என்பாரும் உளர். வாசியாதார் கூடும் கூட்டம் விளம்பரமே என்பதை நாமும் ஒப்புகின்றோம். வாசித்தார் கூடும் கூட்டமோ வேறு. அங்கே கொழுந்து பறிக்கும் தாயொருத்தி, “இக்கதையிலே வரும் பெண் இவ்வாறு பேசமாட்டாளே!” என்று ஆசிரியரையே மறித்துரைக்கக் கூடும். பால்வெட்டும் நேரத்தைப் பிழைபட எழுதியவர் தம் அடுத்த நாவலிலே அதனைத் திருத்திக்கொள்வர். முதல் நாவலாசிரியருக்கு இதனினும் நல்லாசான் வேறெங்கே கிடைப்பார்?

யூபிலி கொண்டாடும் இக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று நல்ல நிலையில் உள்ளனர். அவர்பால் நாம் வேண்டுவது பெரிதன்று. ஆண்டுதோறும் ஒரு புதிய ஆசிரியரின் முதல் நாவலைத் தெரிந்து, இருபது படிகளை விலைகொடுத்து வாங்கித் தோட்டப்புற வாசிகசாலை ஒன்றுக்கு அனுப்புக. இரண்டு மாதம் அவை லயந்தோறும் கைமாறட்டும். அதன்பின் ஆசிரியரைத் திரைக்கு அழைப்போம். முதல் வினாவைக் கேட்கும் உரிமை மாத்திரம் எம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்.