கரடிப் பொம்மையும் கணக்குப் புத்தகமும்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் நமக்கு அலமாரிகளைத் திறந்து பார்ப்பதும் ஒரு கடமை. இருப்புப் புத்தகத்தில் எழுதியிருப்பது அலமாரியில் இருக்கிறதா, அலமாரியில் இருப்பது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். சென்ற தை மாதத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் இவ்வாறு ஓர் அலமாரியைத் திறந்தபோது, போர்வைக் கட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொரு கரடிகள் நம்மை நோக்கி அமர்ந்திருந்தன. ஒன்றுக்கு ஒரு காது நீளம். ஒன்றுக்குக் கழுத்து சாய்ந்திருந்தது. இரண்டொன்று மிக நேர்த்தி. எல்லாம் சங்கத்தில் நெய்த போர்வைத் துணியின் வெட்டுத் துண்டுகளால் தைத்து, இலவம் பஞ்சு அடைத்தவை. சங்கத்தின் பெயர் இங்கு வேண்டா. ஈரோட்டுப் பக்கத்துச் சங்கம் என்பது போதும்.

பதினைந்து நாள் பயிற்சி ஒன்று நடந்ததாம். அங்கத்தினர் வீட்டுப் பெண்கள் பன்னிருவர் கற்றார்களாம். கற்ற கையோடு செய்த கரடிகளில் ஒன்பது விற்றன; மற்றவை அலமாரியில் இருந்தன. காரியதரிசி பெருமிதத்துடன் கணக்கைக் காட்டினார். பஞ்சு 45 ரூபாய், நூலும் பிறவும் 10 ரூபாய், கூலி 40 ரூபாய், ஆக அடக்க விலை 95 ரூபாய். விற்பனை விலை 150. ஒரு கரடிக்கு 55 ரூபாய் இலாபம். கழிவுத் துணிக்கு விலை போடவில்லை. கழிவுதானே என்றார்.

கூலி நாற்பது என்று எவ்வாறு நிர்ணயித்தீர்கள் என்று கேட்டோம். “பொழுதுபோக்காகச் செய்கிற வேலைதானுங்க சார். அதுக்கும் நாற்பது கொடுக்கிறோம்” என்று விடை வந்தது. பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த நடுத்தர வயது அம்மாள் ஒருவர் தலை நிமிராமலே, “பொழுது எங்கீங்க சார் இருக்குது, போக்கறதுக்கு?” என்றார். காரியதரிசி சிரித்தார். நாமும் சிரித்துவிட்டோம். வீடு திரும்பிய பின்னர்தான் சிரித்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

மறுவாரம் வேறு வேலையாகச் சென்றபோது, அந்த அம்மாளை ஒரு கரடி தைக்கச் சொல்லி, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு பார்த்தோம். வடிவத்தை வரைந்து வெட்ட அரை மணிக்குச் சற்று அதிகம். தையலுக்கு இரண்டு மணிக்கு மேல். உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, பஞ்சு அடைத்து, திறந்த இடத்தை மறைதையலால் மூட ஒன்றரை மணி. கண்ணும் மூக்கும் வாயும் நூலால் தைக்க மற்ற நேரம். ஆக மொத்தம் ஐந்தேகால் மணி நேரம். 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கொண்டால் மணிக்கு ஏறக்குறைய 40 ரூபாய் ஆகிறது. மண் வெட்டும் வேலைக்கு அரசாங்கம் வகுத்த அந்தக் கூலியையே இதற்கும் போட்டால், ஒரு கரடிக்கு 209 ரூபாய் கூலி ஆக வேண்டும். அப்படியானால் 150 ரூபாய்க்கு விற்ற ஒவ்வொரு கரடியிலும் சங்கம் இலாபம் காணவில்லை. அந்தப் பெண்கள் தம் கையிலிருந்து சங்கத்துக்கு 169 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். முந்திய ஆய்வில் இக்கணக்கின் கீழ் “சரி” என்று கையொப்பம் இட்டவரும் நாமே என்பதை இங்கு ஒப்புக்கொள்ளுதல் நேர்மை.

இது புதிய கதை அன்று. ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் நரசாபூர் என்றோர் ஊர். அவ்வட்டாரத்துப் பெண்கள் பல தலைமுறைகளாக ஊசிக்கொக்கியால் லேஸ் பின்னி வருகிறார்கள். கிறிஸ்தவப் பாதிரிமார் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கொண்டு வந்த கலை அது. நம் தெற்கே நாகர்கோவிலிலும் மால்ட் என்ற பாதிரியாரின் மனைவியார் ஏறத்தாழ அதே வகையில் லேஸ் வேலையைப் புகுத்தினார். நரசாபூர்ப் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய அப்பெண்களை “வீட்டில் சும்மா இருப்போர்” என்றும், அவர்கள் செய்தது “ஓய்வு நேர வேலை” என்றும் சொல்லியே மிகக் குறைந்த கூலி கொடுக்கப்பட்டது என்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. சரக்கு வெளிநாடு சென்றது, வியாபாரிகள் செழித்தனர், பின்னியவர் வீட்டுக் கூரை மாறவில்லை. வியாபாரி செய்தால் சுரண்டல் என்று மேடையில் முழங்கும் நாம், அதையே கூட்டுறவுச் சங்கம் செய்தால் “மகளிர் முன்னேற்றம்” என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறோம்.

இனி, கரடியின் வரலாற்றைச் சிறிது கூறுவோம். நமக்கு அதில் பாடம் உண்டு. 1902ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், மிசிசிபி மாநிலத்தில் வேட்டையாடச் சென்றார். பிறர் பிடித்துக் கட்டி வைத்த கரடியைச் சுட அவர் மறுத்தார். அதைப் பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வரைந்தார்கள். அதைக் கண்ட புரூக்ளின் நகரத்து மிட்டாய்க் கடைக்காரர் மிக்டம் என்பாரும் அவர் மனைவியாரும் துணிக் கரடி ஒன்றைத் தைத்து, ஜனாதிபதியின் செல்லப் பெயரால் “டெடி” என்று அழைத்தார்கள். நம் நாட்டிலோ கரடி மயிரைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளைகளின் இடுப்பில் கட்டிய காலம் ஒன்று இருந்தது; கரடியையே மடியில் வைத்துக் கொஞ்சும் வழக்கம் கடல் கடந்து வந்ததே.

நம் அங்கத்தினர் அறிய வேண்டியவர் ஜனாதிபதி அல்லர். மார்கரெட் ஸ்டைஃப் என்ற தையற்காரி. ஜெர்மனியில் கீங்கன் என்னும் சிற்றூரில் 1847இல் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தவர். தையல் கற்று, கம்பளித் துணியால் உடைகள் தைத்து விற்றார். 1880இல் ஊசி குத்தி வைப்பதற்காகச் சிறு யானை ஒன்றைத் தைத்தார். பெண்களுக்காகச் செய்த அதனைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு விளையாடினார்கள். அந்த யானையிலிருந்தே பொம்மைத் தொழில் பிறந்தது. கையும் காலும் அசையும் கரடியை 1902இல் வகுத்தவர் அவருடைய அண்ணன்-தம்பி வழி மகன் ரிச்சர்ட். 1903இல் லைப்சிக் கண்காட்சியில் அமெரிக்க வியாபாரி ஒருவர் மூவாயிரம் கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 1907ஆம் ஆண்டில் ஒன்பது இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கரடிகள் அங்கே செய்யப்பட்டன.

எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டா. நாம் சுட்ட விரும்புவது வேறு. 1904 முதல் அவர்கள் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஓர் உலோகப் பொத்தானைப் பதித்தார்கள். இது இன்னார் செய்தது, தையல் விட்டால் பொறுப்பு எங்களுடையது என்பது அதன் பொருள். நம் அலமாரிக் கரடிகளில் சங்கத்தின் பெயர் எங்கும் இல்லை. 2006 முதல் கைத்தறித் துணிக்கு நாடெங்கும் பொதுவான கைத்தறி முத்திரை உண்டு. பவானி ஜமக்காளத்துக்கும் கோவை கோரா பருத்திக்கும் புவிசார் குறியீடு உண்டு. நம் போர்வைத் துண்டால் பிறந்த பொம்மைக்கோ ஒரு சிறு துணிப் பட்டை தைத்துப் பெயர் எழுதவும் நமக்குத் தோன்றவில்லை.

மலிவில் யந்திரத்தோடு போட்டியிட நம்மால் ஆகாது. செயற்கை மயிர்த் துணியில் செயற்கைப் பஞ்சடைத்த கரடி கடைவீதியில் குவிந்து கிடக்கிறது. இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020இல் நூற்றுக்கு 20இலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் அரசாங்கம் உயர்த்தியது உண்மையே. ஆயினும் உள்நாட்டு யந்திரமும் யந்திரந்தானே. நம் கரடி விலை போக வேண்டுமானால், அது வேறு பொருளாக இருக்க வேண்டும்.

அவ்வாறு ஆக்குவதற்கு வேண்டியவை நம் சீமையிலேயே உள்ளன. சென்னிமலைப் போர்வைத் துணி போலக் கெட்டியாக நெய்த துணி பொம்மைக்கு மிக ஏற்றது. பஞ்சை இறுக அடைத்தாலும் இழை விலகாது. கட்டங்கள் உள்ள துணியானால், பாவு நேராக உடலின் நடுவில் வரும்படி வெட்ட வேண்டும். அலமாரியில் கழுத்து சாய்ந்திருந்த கரடிக்கு நோய் ஒன்றுமில்லை. துணியைக் குறுக்கே வெட்டிவிட்டார்கள், அவ்வளவே. மூட்டுகளில் ஓட்டுத் தையல் போதாது, பின் தையலே வேண்டும். பஞ்சடைக்கும்போது முதலில் மூக்கு நுனி, பின் முகம், பின் கழுத்து என்று நுனியிலிருந்து தொடங்கி, மழுங்கிய குச்சியால் சிறிது சிறிதாகத் தள்ள வேண்டும். கழுத்தில் குறைத்தால் ஒரு மாதத்தில் தலை தொங்கும்.

இலவம் பஞ்சு வரப்போரத்து மரத்திலேயே காய்க்கிறது. விவசாய அங்கத்தினர் பலர் மரத்தோடு குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தால் சங்கமே வாங்கலாம். அதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கொட்டை எஞ்சினால் பூச்சி வரும். அடைக்கும்போது தூசி மூக்கில் ஏறும். துணி கட்டிக்கொள்ளாமல் உட்காரக் கூடாது. எளிதில் தீப்பற்றும், அடுப்பங்கரையில் வைத்து அடைக்கவே கூடாது. நீரில் நனைத்துத் துவைத்தால் திரண்டுவிடும். ஆதலால் தலையணைக்கு உறை போல, பஞ்சுக்கு ஓர் உட்பை தனியாகத் தைத்து, மேல் துணியைக் கழற்றித் துவைக்கும்படி செய்வது நல்லது. இந்த யோசனை நம்முடையது அன்று; தார் சுற்றிய அந்த அம்மாளுடையது.

பொத்தான் கண் வேண்டா. பல் முளைக்கும் குழந்தை முதலில் கடித்து இழுப்பது கண்ணைத்தான், விழுங்கினால் விபரீதம். நூலாலேயே கண் தைக்கலாம். சாயமும் அவ்வாறே. உடலுக்குத் தீங்கான ஆஸோ சாயங்கள் பலவற்றை மத்திய அரசாங்கம் 1997இலேயே தடை செய்தது. குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்குச் சாயம் எங்கே ஏற்றியது என்று தெரியாத துண்டைப் பயன்படுத்தக் கூடாது. திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் பனியன் துண்டுகள் மெத்தென்று இருக்கும். ஆயினும் எங்கெங்கோ சாயமேற்றியவை கலந்திருக்கும். நம் சங்கத் துணியானால் நமக்குத் தெரியும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதனைப் பயிற்சி அளித்தவர்களும் சொல்லவில்லை, சங்கத்தாரும் கேட்கவில்லை. 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து, பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டது. துணிப் பொம்மையும் அதில் அடங்கும். கைவினை அபிவிருத்தி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொருள்களுக்கு விலக்கு உண்டு. விலக்கு கைவினைஞருக்கே என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே தைக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் தம் பெயரில் பதிந்து அட்டை பெறுதல் முதல் வேலை. சங்கத்தின் கடையில் வைத்து விற்பது எந்த வகையில் பொருந்தும் என்பதை அவ்வலுவலகத்திலேயே எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்துகொள்வது இரண்டாம் வேலை. அதற்குப் பின்னரே மூன்றாவது கரடி.

நம் சகாக்களில் சிலர், நெசவுச் சங்கத்துக்குப் பொம்மை எதற்கு, நிறுத்திவிடுங்கள் என்கிறார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. பாதித் தறிகள் நின்றுவிட்ட வீடுகளில் ஊசி பிடிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. சமூகநலத் துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் பள்ளிப் பிள்ளைகளின் சீருடைகளைத் தைத்து, அங்கத்தினருக்குக் கூலி வழங்கி வருவதை யாவரும் அறிவர். அங்கே யாரும் அதனைப் பொழுதுபோக்கு என்று சொல்வதில்லை. பொம்மை என்றவுடன் மட்டும் வேலை விளையாட்டாகிவிடுமா?

இதனால் ஊசி வேலையில் இன்பம் கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டா. நீலகிரித் தோடர் பெண்கள் வெண்துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்வதை ஒருமுறை கண்டோம். துணியில் கோடு வரைவதில்லை, சட்டம் பூட்டுவதில்லை. இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கணக்கொன்று விரல் நுனியில் ஓடுகிறது. எந்தப் புறம் முன்புறம் என்று நமக்கு மயக்கம் வரும். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. (அந்தப் பூக்களை நம் கரடியின் வயிற்றில் நகல் எடுக்கலாமே என்று ஒரு சங்கத் தலைவர் கேட்டார். கூடாது. அது அவர்களுடைய சொத்து.) நம் வீடுகளிலும் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பில் உறங்காத குழந்தை உண்டா? அதற்கு யாரும் கூலி கேட்டதில்லை, கேட்கவும் மாட்டார்கள். தன் பேரனுக்குத் தைக்கும் கரடிக்கு மணிக்கணக்கு வேண்டியதில்லை. விலைச்சீட்டு ஒட்டிய கரடிக்குத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்ததே குழப்பம்.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழு சென்ற மாதம் கூடியது. கூலி 200 ரூபாய், துணிக்கு 20, பஞ்சு முதலியவற்றுக்கு 55, ஆக அடக்கம் 275. விற்பனை விலை 340 என்று தீர்மானித்தார்கள். அந்த விலைக்கு யார் வாங்குவார் என்று ஓர் அங்கத்தினர் எழுந்து கேட்டார். கேள்வி நியாயமானதே. உட்பை தைத்து, பெயர்ப்பட்டை வைத்து, மாதம் இருபதுக்கு மேல் செய்வதில்லை என்ற வரம்போடு ஓராண்டு பார்ப்பது என்று முடிவாயிற்று. பழைய கரடிகள் முப்பத்தொன்றையும் பொத்தான் கண்களை எடுத்துவிட்டுத் தைத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவற்றின் தொகையைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்யும் தீர்மானம் இப்போது நம் மேசை மேல் இருக்கிறது. நாளை கையொப்பம் இடுவோம்.